குழலுக்குள் எதைப் போடுவது?
(பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி வைத்திருப்போருக்கான வானொலி உரை)



மக்காச்சோளம் கதிர் பிடித்து, நிலக்கடலை காய் இறங்கிவிட்டால் நம் திண்டுக்கல் சீமையில் ராத்திரித் தூக்கம் போய்விடும். சிறுமலை அடிவாரம், நத்தம், அய்யலூர், ஆத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். விடிந்து பார்த்தால் உழவு ஓட்டின மாதிரிக் கிடக்கும். அந்த வயிற்றெரிச்சல் பட்டவனுக்குத்தான் தெரியும்.

அந்த எரிச்சலில்தான் பல பேர் பரணில் கிடக்கிற நாட்டுத் துப்பாக்கியை இறக்குகிறார்கள். போன வெள்ளாமையின்போது ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏப்பா, லைசென்ஸ் துப்பாக்கிதான் வச்சிருக்கேன். ஈய ரவை கிடைக்கல. சைக்கிள் கடையில பால்ரஸ் குண்டு கிடைக்குது. அதையே போட்டா என்ன?" கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு ஆளின் கையும் கண்ணும் உயிரும் அடங்கியிருக்கிறது. ஆகவே இன்றைக்கு அதையே பேசுவோம்.

முதலில் ஒரு பழைய கதை

என் பெரியப்பாவிடம் முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும். ஒரு தை மாதம், காவலுக்குப் போய் வந்தவர் கெட்டித்த துப்பாக்கியை வெடிக்காமல் அப்படியே கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டார். ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் குளவி குழல் வாயில் மண்ணை வைத்து அடைத்துவிட்டது. மாசியில் ஒரு ராத்திரி பன்றிச் சத்தம் கேட்டு அவசரத்தில் எடுத்தவர் குழல் வாயைப் பார்க்கவில்லை. கேப்பை மாட்டி விசையை இழுத்தார். குழல் பிளந்துகொண்டது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பன்றிகள் ஓடிவிட்டன என்பது வேறு விஷயம். அதற்கப்புறம் பெரியப்பா ஏர் பிடித்து நான் பார்த்ததில்லை.

பழுது துப்பாக்கியில் இல்லை. மருந்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பிசகு. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது?

குழலின் அடியில் கரிமருந்து. அதன்மேல் அடைப்பு. அதன்மேல் ரவை. ரவை கொட்டிவிடாமல் மேலே இன்னொரு மெல்லிய அடைப்பு. குதிரை கேப்பைத் தட்டியதும் தீப்பொறி மருந்துக்குள் போகிறது. மருந்து எரிந்து புகைக்காற்றாக மாறிப் பெருகுகிறது. அந்தக் காற்றுதான் அடைப்பையும் ரவையையும் முன்னால் தள்ளுகிறது.

ரவைச் சுமை மருந்தின்மேல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தால், காற்று பெருகப் பெருக அது நகர்ந்து வழி விடும். நடுவில் இடைவெளி விட்டுப்போனாலோ, குழல் பாதியில் மண், துணி, பழைய அடைப்பு என்று ஏதாவது சிக்கியிருந்தாலோ, காற்று முட்டிக்கொண்டு நிற்கும். முட்டின இடத்தில் இரும்பு பிளக்கும். நாம் இடது கையால் தாங்கிப் பிடிக்கிறதும் குழலைத்தான் என்பதை மறக்காதீர்கள்.

கெட்டித்த துப்பாக்கியின் வாயைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாலும் இதே ஆபத்துதான். நடக்கிற குலுங்கலில் ரவைச் சுமை வாய்ப்பக்கம் சரிந்துவிடும்.

பால்ரஸ் ஏன் கூடாது?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். ரவைக்கு ஈயத்தை மனிதர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஈயம் கனம், தண்ணீரைப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல். இரும்பு எட்டு மடங்குகூட இல்லை. ஆகவே ஒரே அளவுக் குண்டில் ஈயம்தான் வேகத்தை இழக்காமல் போகும். அதைவிட முக்கியம், ஈயம் மிருதுவானது. குழலோடு உரசினாலும் குழலைக் கீறாது. நெருக்கினால் தான் நசுங்கி வழி விடும்.

பால்ரஸ் குண்டு அப்படியில்லை. வண்டிச் சக்கரத்துக்கு உள்ளே தேயாமல் உருள வேண்டும் என்று கடினப்படுத்திய எஃகு அது. பழைய நாட்டுத் துப்பாக்கியின் குழலோ மிருதுவான இரும்பு. ஒவ்வொரு வெடிக்கும் எஃகுக் குண்டு குழலின் உள்ளே கோடு இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கீறலில் கரிமருந்துச் சாம்பல் தங்கும், துரு பிடிக்கும், இரும்பு மெலியும். நாலு வருஷம் வெடித்தது, அஞ்சாம் வருஷம் பிளந்தது என்றால் காரணம் இதுவாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஈயம் பாறையில் பட்டால் நசுங்கும். எஃகு பட்டால் தெறிக்கும். நம் சீமையோ பாறையும் கரடும் நிறைந்த பூமி. தெறித்த குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுட்டவன் பக்கமே திரும்பினாலும் ஆச்சரியமில்லை.

ஆணித் துண்டு, செயின் துண்டு, கண்ணாடிச் சில், சரளைக்கல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவை உருண்டை அல்ல. குழலுக்குள் ஒன்றோடொன்று ஆப்பு அடித்த மாதிரிச் சிக்கிக்கொள்ளும். இவற்றைப் போடவே கூடாது.

"அப்படின்னா வெளிநாட்டுல இரும்பு ரவை போடுறாங்களே?" என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் வாத்து வகை நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுவதும் ஈய ரவை தடை. டென்மார்க்கில் 1996-லேயே ஈய ரவையை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் சதுப்பு நிலங்களில் ஈய ரவைக்குத் தடை. ஆனால் அங்கே போடுகிற இரும்பு ரவை அதற்கென்றே செய்த மிருதுவான இரும்பு. தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அடங்கி, பலமான புதுக் குழல் வழியாகப் போகிறது. பழைய துப்பாக்கிக்கு அங்கேயும் அதைப் போட மாட்டார்கள்; பிஸ்மத் போன்ற மிருதுவான வேறு உலோகத்தைத்தான் போடுவார்கள். அதைப் பார்த்து நாம் சைக்கிள் கடைக்குப் போகக் கூடாது.

சின்ன ரவையா, பெரிய ரவையா?

நல்ல ஈய ரவையே கிடைத்தாலும் அளவு ஒரு கேள்வி. துப்பாக்கி விஷயம் தெரிந்தவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ரவை எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் போகும். இரண்டரை மில்லிமீட்டர் ரவை அதிகபட்சம் 200 மீட்டர் சுமாருக்குப் போய் விழும். எட்டு மில்லிமீட்டர் ரவை 600 மீட்டரையும் தாண்டும். ஆனால் குறிபார்த்து அடிக்கப் பலிக்கிற தூரம், இரண்டுக்குமே 30, 40 மீட்டர்தான். அதற்கு மேல் ரவை சிதறிவிடும்.

இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். பன்றியின் தோல் தடிப்பு. சின்ன ரவை காயப்படுத்துமே தவிர வீழ்த்தாது. காயம்பட்ட பன்றி புதருக்குள் படுத்துக்கொண்டு, காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற பெண்பிள்ளை மேல் பாயும். சரி, பெரிய ரவை போடலாம் என்றால், குறி தப்பின ரவை அரை கிலோமீட்டருக்கு அப்பால் போகும். அங்கே பக்கத்துத் தோட்டத்துக் காவல் பந்தல் இருக்கும், கிடை போட்ட ஆட்டுக்காரர் இருப்பார், ரோட்டில் பூ மூட்டையோடு நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிற வண்டி இருக்கும். ராத்திரியில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

ஆக, சின்ன ரவை பலன் தராது. பெரிய ரவை ஊருக்கு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல ரவை என்று ஒன்று இல்லை. பயிர்க் காவலுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்: ரவையே வேண்டாம். மருந்தும் மெல்லிய அடைப்பும் மட்டும் போட்டுச் சத்தம் கிளப்புங்கள். பன்றியை விரட்டுவது சத்தமும் மனுஷ வாடையும்தான்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது

1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் முன்வாய்த் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க அதன் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் அறிக்கை வாங்கித்தான் தருவார்கள். 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் காலம் 5 வருஷம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 வருஷத்துக்குக் குறையாமல் 5 வருஷம் வரை சிறை. பட்டறையில் கள்ளத்தனமாகச் செய்தால் 7 வருஷத்துக்குக் குறையாது. ஆயுள் வரைக்கும் போகலாம். "மச்சான் கேட்டான், ஒரு ராத்திரிக்குத்தானே" என்று கொடுப்பதும் குற்றம்.

ஆனால் லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்திருக்கத்தான். மிருகத்தைச் சுட அனுமதி அது அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. தக்காளியைக் கொத்துகிறது என்று மயிலைச் சுட்டால் 3 வருஷத்துக்குக் குறையாத சிறை. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதையும் நாமாகச் சுட முடியாது. குற்றத்துக்குப் பயன்பட்ட துப்பாக்கி அரசாங்கத்துக்குப் போய்விடும். லைசென்ஸை ரத்து செய்து, 5 வருஷத்துக்கு மறுபடி கேட்க முடியாதபடி செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

"அப்ப பன்றியை யாருங்க சுடுறது?" என்றால், அதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். சுடுகிறவர்கள் அவர்கள்தான், நாம் அல்ல. நம் வேலை, சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வனவரிடமோ எழுத்தில் கொடுப்பது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணமும் கேட்கலாம். கிளறின காட்டைச் சமன் செய்வதற்கு முன்னால் போட்டோ எடுத்து வையுங்கள்.

அய்யலூர், வடமதுரை பக்கத்து விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்துக் காடும் அதில் சேர்ந்தது. கொடைக்கானல் சரணாலயம் அதற்கும் முன்னால், 2013-இல் வந்தது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. பதியாதவர்கள் ரேஞ்சர் ஆபீசில் விசாரித்துக்கொள்ளுங்கள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மின்னுகிற கண்ணைப் பார்த்துச் சுடுகிற பழக்கம் எவ்வளவு கொடியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மரத்தில் மின்னுவது தேவாங்காக இருக்கும். தரையில் மின்னுவது உங்கள் வீட்டுக் கன்றாக இருக்கும். கதிருக்குள் சரசரப்பது, காவலுக்கு வந்து அசந்து படுத்த பங்காளியாக இருக்கும். பன்றி என்று நினைத்து மனுஷனைச் சுட்ட செய்தி எத்தனையோ தடவை பேப்பரில் வந்திருக்கிறது.

மருந்தும் அடைப்பும்

சத்தத்துக்கு மட்டும் வெடிப்பது என்றாலும் முறை உண்டு.

கடையில் லைசென்ஸைக் காட்டி வாங்கிய கரிமருந்தைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள். பட்டாசைப் பிரித்த மருந்து, தீக்குச்சி மருந்து, கல்குவாரி வெடிமருந்து, தோட்டாவைப் பிரித்து எடுத்த புகையில்லா மருந்து, இந்த நாலும் எமன். கரிமருந்துக்கென்று செய்த குழல் இவற்றின் வேகத்தைத் தாங்காது.

கைப்பிடியால் அள்ளிப் போடாதீர்கள். விற்பவர் சொல்லுகிற அளவுக்கு ஒரு சின்னக் குப்பி வைத்துக்கொண்டு, அந்த அளவைத்தான் போட வேண்டும். மருந்து டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டக் கூடாது. முந்தின வெடியின் கனல் உள்ளே இருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும்.

கெட்டிக்கும்போது முகமும் உடம்பும் குழல் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. கேப்பு கடைசியில்தான். கெட்டிக்கிற கம்பியில் இரண்டு கோடு போட்டு வையுங்கள்: குழல் காலியாக இருந்தால் கம்பி எவ்வளவு இறங்கும் என்று ஒன்று, சரியாகக் கெட்டித்தால் எவ்வளவு என்று ஒன்று. ஏற்கெனவே கெட்டித்ததை மறந்து மறுபடி கெட்டிக்கிற விபத்தை இந்தக் கோடு தடுக்கும். குளவிக் கூட்டையும் இதே கம்பி காட்டிக் கொடுக்கும்.

அடைப்புக்குத் தேங்காய் நாரும் பழந்துணியும் போடுவது வழக்கம். அவை புகைந்துகொண்டே போய் விழும். சோளத்தட்டைப் படப்பு, வைக்கோல் போர், காய்ந்த கரட்டுப் புல் இருக்கிற பக்கம் வெடிக்கக் கூடாது. ரவை இல்லாவிட்டாலும் கிட்டத்தில் அடைப்பே ஆளைக் காயப்படுத்தும். குழல் வானத்தைப் பார்க்கட்டும். முன்னால் யாரும் இருக்க வேண்டாம்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே இறக்கிப் பார்க்காதீர்கள். மருந்து நமுத்திருந்தால் தாமதமாகப் பற்றும். குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் பொறுங்கள். சிக்கிய மருந்தை இரும்புக் கம்பியால் குத்தி எடுக்காமல், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரரைக் கேளுங்கள்.

வெடித்த அன்றைக்கே குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். கரிமருந்துச் சாம்பல் உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் குழல் உள்ளுக்குள் அரித்துப்போகும். கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

வீட்டில் கிடக்கிற ஈயம்

பரணில் பழைய ஈய ரவை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஈயம் விஷம். எவ்வளவு குறைந்த அளவானாலும் குழந்தைகளுக்குத் தீங்குதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ரவையை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. அதை விட்டுவிடுங்கள். சமையல் சட்டியில் ஈயத்தை உருக்குவதும் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முற்றத்தில் சிந்தினால் ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். கோழி சரளைக்கல் என்று நினைத்து அதைப் பொறுக்கித் தின்னும். கோழியின் இரைப்பையில் அது அரைபட்டு ரத்தத்தில் கலக்கும். முட்டை வழியாக நம் பிள்ளைக்கும் வரும்.

வேறு என்ன வழி?

துப்பாக்கி ஒன்றே காவல் அல்ல. நிலக்கடலையைச் சுற்றி முள் உள்ள குசும்பாவும், மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கும் சில வரிசை நெருக்கி விதைத்தால் பன்றி உள்ளே நுழையத் தயங்கும். நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து சூரிய மின்வேலி போடலாம். அதையும் 2023-ஆம் வருஷ விதிப்படி பதிய வேண்டும். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். பழத்துக்குள் வைக்கிற அவுட்டுக்காய் வெடியும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை உங்கள் பசுமாடு கடிக்கும்.

முறை போட்டுக் காவல் காப்பதும் நல்லது. யார், எந்தப் பந்தலில், எத்தனை மணி வரை என்று சாயங்காலமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பந்தலை விட்டு இறங்கினால் லைட்டை ஆட்டி, குரல் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

பால்ரஸ் கேட்ட பெரியவரிடமும் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிப்பா, சத்தம் மட்டும் போட்டுக்கிறேன். எம் பேரன்தான் பக்கத்துப் பந்தல்ல படுக்கிறான்" என்றார். அவருக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும். கடலை போனால் அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம்.